அக்சியோவா, அக்கியோவா, அச்சியோவா?

ஹாரி பாட்டர் ரசிகர்கள் நடுவுல ஓயாத சண்டை ஒண்ணு இருக்கு. தூரத்துல இருக்கிற பொருளை வரவழைக்கிற மந்திரத்தை எப்படிச் சொல்றது? புத்தகமா மட்டும் படிச்ச பலர் ‘அக்சியோ’ம்பாங்க. நாலாவது படத்துல (2005) டிராகன் முன்னாடி நின்னு துடைப்பத்தைக் கூப்பிடுற ஹாரி ‘அக்கியோ’ன்னு கத்துவான். 1960-கள் வரைக்கும் லத்தீன் பூசை கேட்டு வளர்ந்த வேலூர்க் கத்தோலிக்கத் தாத்தா பாட்டி காதுக்கு அது ‘அச்சியோ’.

மூணும் ஒரே லத்தீன் சொல்தான். அர்த்தம், ‘வரவழைக்கிறேன்’. பழைய ரோமானியர் வாயில ‘சி’ எழுத்துக்கு எப்பவும் க ஒலி. இ, எ முன்னாடி வந்தா அது நெகிழ்ந்தது பிற்காலத்துல. தேவாலய லத்தீன்ல அது ச்ச ஆச்சு. பிரெஞ்சு வழியா வந்த இங்கிலீஷ்ல ஸ ஆச்சு.

ரெக்கார்டிங் இல்லாத காலம், எப்படித் தெரியும்? கிரேக்கர்கள் சாட்சி. சீசர் பேரை அவங்க எழுத்துல ‘கைசர்’னு எழுதி வச்சிருக்காங்க. தமிழ்ல எழுதுறப்போ க-வா ச-வான்னு நாம முடிவு பண்ணியே ஆகணும் இல்லையா, அதே மாதிரிதான்.

அந்த உச்சரிப்பு அரபு, பாரசீகம் வழியா உருதுக்கும் வந்துச்சு. ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் ஒரு அம்மா பையனை ‘கைசர்’னு கூப்பிட்டா, நம்ம இங்கிலீஷ் மீடியம் சீசரை விட அவங்கதான் ரோமுக்குக் கிட்ட.

இப்போ என் ஏரியா. சிசேரியன். ஜூலியஸ் சீசர் அப்படிப் பொறந்தார்ங்கிறது நம்பத் தக்கது இல்ல. அவர் அம்மா அவுரேலியா, மகன் வளர்ந்து பெரிய தளபதி ஆகிற வரைக்கும் உயிரோட இருந்தாங்க. அந்தக் காலத்துல வயித்தைக் கிழிச்சது பெரும்பாலும் செத்த தாய்க்குத்தான். குழந்தையை எடுக்காம கர்ப்பிணியைப் புதைக்கக் கூடாதுன்னு ரோமச் சட்டமே இருந்துச்சு.

அந்தப் பயம் இங்கேயும் ரொம்பப் பழசு இல்ல. திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டுல இருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தாங்க. வீட்டுல இருந்த டாக்டர் ஆண், வேண்டாம்னுட்டாங்க. அவர் மகள் ஐடா ஸ்கடர் அப்போ டாக்டர் இல்ல. மூணு பெண்களும் செத்துப் போனாங்க. ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சு, 1900-ல திரும்பி வந்து வேலூர்ல வேலையை ஆரம்பிச்சாங்க. 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி.

அவங்களுக்குப் பிரிட்டிஷ் அரசு கொடுத்த பதக்கத்தோட பேரு ‘கைசர்-இ-ஹிந்த்’. 1877-ல விக்டோரியாவுக்குச் சூட்டின அதே பட்டம், அதே க!

ஆபரேஷன் தியேட்டர்ல ‘கைசரியன்’னு சொன்னா சிஸ்டர் சிரிப்பாங்க, அங்கே நானும் ச-தான். ஹாரிக்கு மட்டும் என் ஓட்டு ‘அக்கியோ’.