மா. கிருஷ்ணன்

மா. கிருஷ்ணன் (மாதவையா கிருஷ்ணன், ஜூன் 30, 1912 - பெப்ரவரி 18, 1996) தமிழ்நாட்டைச் சேர்ந்த இயற்கையியலாளர், காட்டுயிர் ஓவியர், ஒளிப்படக் கலைஞர், பத்தி எழுத்தாளர் ஆவார். தாம் நேரில் கண்ட விலங்குகளையும் பறவைகளையும் பற்றித் தாமே எழுதி, தம் கட்டுரைகளுக்குத் தாமே கோட்டோவியங்கள் வரைந்தார். கல்கத்தாவிலிருந்து வெளிவரும் தி ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் இறக்கும் நாள் வரை, 46 ஆண்டுகள், இவரது இயற்கைப் பத்தி இடம்பெற்றது.

குடும்பமும் ஊரும்

கிருஷ்ணன் திருநெல்வேலியில் பிறந்தார். இவருடைய தந்தை, பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை எழுதிய அ. மாதவையா (1872 - 1925). மாதவையாவின் சொந்த ஊரான பெருங்குளம் தாமிரபரணிப் பாசனப் பகுதியில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. கொற்கை முத்துத்துறையும் தூத்துக்குடித் துறைமுகமும் அடங்கிய இப்பகுதி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

உப்பு, கலால் துறையில் பணியாற்றிய மாதவையா, விருப்ப ஓய்வுக்குப் பின் சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். அங்குக் கட்டிய வீட்டுக்குத் தம் ஊரின் பெயரையே சூட்டினார். எட்டுப் பிள்ளைகளுள் இளையவரான கிருஷ்ணன் அவ்வீட்டில் வளர்ந்தார். அக்காலத்து மயிலாப்பூரைச் சுற்றிப் புதர்க்காடுகள் இருந்தன; பறவைகளும் நரிகளும் மிகுந்திருந்தன; வெளிமான்களையும் காண முடிந்தது. சிறுவனாக இருந்தபோது கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். இவருக்கு 13 வயதானபோது தந்தை மறைந்தார். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய மா. அனந்தநாராயணன் இவருடைய தமையன் ஆவார்.

கல்வியும் தொழிலும்

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குக் களப்பயணம் சென்றார். ஃபைசனின் மனைவி தாவர ஓவியர். அவரிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியம் கற்றார். பின்னர் சட்டமும் படித்தார். எனினும் நிலையான வேலை எளிதில் கிடைக்கவில்லை. இதழ்களுக்குச் சிறு கட்டுரைகள் எழுதியும் படங்கள் வரைந்தும் பொருளீட்டினார்.

1942-ல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். அஞ்சல் சேவைக்காகப் புறா வளர்த்தார். ஓய்வு நேரத்தைச் சண்டூரைச் சூழ்ந்த குன்றுகளிலும் காடுகளிலும் கழித்தார். 1949-ல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. பின்னர் சென்னை திரும்பிய கிருஷ்ணன் மீண்டும் அரசுப் பணியையோ தனியார் வேலையையோ நாடாமல் எழுத்து, ஓவியம், ஒளிப்படம் ஆகியவற்றைக் கொண்டே வாழ்ந்தார்.

ஓவியங்கள்

அக்கால நாளிதழ்த் தாளில் ஒளிப்படங்கள் புள்ளிகளாகச் சிதறி மங்கலாகவே அச்சாயின. கறுப்பு மையில் வரைந்த கோடுகளோ தெளிவாகப் பதிந்தன. அதனால் ஓர் உயிரினத்தின் அடையாளத்தை வாசகருக்குக் காட்டக் கோட்டோவியமே ஏற்ற வழியாக இருந்தது. மேலும், ஒளிப்படம் ஒரு நொடியை மட்டும் பதிவு செய்கிறது. ஓவியரோ பல நாள் கண்டவற்றை ஒரே படத்தில் தொகுக்கலாம். அலகின் வடிவம், அமரும் முறை, வாலின் நிலை போன்றவற்றை வேண்டிய அளவு எடுத்துக்காட்டலாம்.

கிருஷ்ணன் யானை, காட்டெருது போன்ற பெரிய விலங்குகளுக்குக் கொடுத்த கவனத்தைக் காகம், மைனா, ஆந்தை, அணில், பல்லி ஆகியவற்றுக்கும் கொடுத்தார். காட்டுக்குச் செல்ல வாய்ப்பில்லாத வாசகரும் தம் வீட்டுக் கொல்லையில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய செய்திகளாக அவை அமைந்தன. 1961-ல் வெளிவந்த இவரது முதல் ஆங்கில நூலின் தலைப்பிலேயே காடும் கொல்லைப்புறமும் இணைந்து நிற்கின்றன. தம் பேத்திக்காக ஆங்கில அகரவரிசையில் இவர் எழுதி வரைந்த விலங்குப் பாடல்கள் இவரது மறைவுக்குப் பின் நூலாக வந்தன.

ஒளிப்படங்கள்

கிருஷ்ணன் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே ஒரு பெரிய ஒளிப்படக் கருவியை அமைத்து, அதற்குச் சூப்பர் பாண்டரோசா என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். முதுமலை போன்ற காடுகளில் பழக்கப்பட்ட யானையின் மீது அமர்ந்து காட்டு விலங்குகளை நெருங்குவது இவர் வழக்கம். காட்டு யானைகளைப் பற்றிய இவரது படங்கள் குறிப்பிடத்தக்கவை.

காட்டுயிர் ஆய்வும் பாதுகாப்பும்

1968-ல் ஜவகர்லால் நேரு ஆய்வு நல்கை இவருக்கு வழங்கப்பட்டது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் காடுகளில் பயணம் செய்து, பெரிய பாலூட்டிகளின் நிலையைப் பதிவு செய்தார். இந்த ஆய்வை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் 1975-ல் நூலாக வெளியிட்டது. 1959 முதல் 1970 வரையிலான காலத்தை இந்நூல் ஆராய்கிறது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் 1973-ல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கும் முந்தைய நிலையை அறிய இது உதவுகிறது. இந்தியக் காட்டுயிர் வாரியத்தில் கிருஷ்ணன் நீண்டகாலம் உறுப்பினராக இருந்தார்.

ஒரு நாட்டின் தனித்தன்மை மாறிவரும் அதன் மனிதப் பண்பாட்டில் மட்டுமன்றி, அதன் நிலவமைப்பிலும் தாவரங்களிலும் விலங்குகளிலும் அடங்கியுள்ளது என்பது இவரது கருத்து. எனவே அழகுக்காகவும் வருவாய்க்காகவும் அயல்நாட்டு மரங்களை நடுவதை எதிர்த்தார். மரங்களின் எண்ணிக்கை கூடினாலும், அந்நிலத்துக்குரிய செடிகொடிகள் அழிந்தால் அவற்றை நம்பி வாழும் உயிர்களும் அழியும் என வாதிட்டார்.

தமிழ்ப் பணி

ஆங்கிலத்தில் மிகுதியாக எழுதியதால் தமிழ் வாசகரிடையே இவர் பெயர் நெடுங்காலம் பரவலாக அறியப்படவில்லை. ஆயினும் தமிழிலும் தொடர்ந்து எழுதினார். பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரைகள் அளித்தார். வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி எழுதினார். பறவைகளையும் விலங்குகளையும் மக்கள் வழங்கும் பெயர்களாலேயே குறிப்பிட்டு, அறிவியல் செய்திகளை எளிய தமிழில் எழுத முடியும் என்பதற்கு இக்கட்டுரைகள் சான்றாகும். கதிரேசச் செட்டியாரின் காதல் என்னும் துப்பறியும் புதினமும் இவர் எழுதியதே. சு. தியடோர் பாஸ்கரன், பெருமாள்முருகன் ஆகியோரின் தொகுப்புகள் வழியே இவரது தமிழ்க் கட்டுரைகள் 2000-க்குப் பின் நூல்வடிவில் கிடைத்தன.

நூல்கள்

* ஜங்கிள் அண்டு பேக்யார்டு (ஆங்கிலம், 1961)
* இந்தியாஸ் வைல்டுலைஃப் இன் 1959-70 (ஆங்கிலம், 1975)
* நைட்ஸ் அண்டு டேஸ் (ஆங்கிலம், 1985)
* நேச்சர்ஸ் ஸ்போக்ஸ்மன் (ஆங்கிலம், தொகுப்பு: ராமச்சந்திர குகா, 2000)
* மழைக்காலமும் குயிலோசையும் (தமிழ், தொகுப்பு: சு. தியடோர் பாஸ்கரன்)
* பறவைகளும் வேடந்தாங்கலும் (தமிழ், தொகுப்பு: பெருமாள்முருகன்)

சிறப்புகள்

இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றார். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 மதிப்புப் பட்டியலிலும் இவர் பெயர் இடம்பெற்றது. 1996 பெப்ரவரி 18 அன்று சென்னையில் காலமானார். ஸ்டேட்ஸ்மன் இதழில் இவரது கடைசிப் பத்தி அன்றே வெளிவந்தது.