ஜாஸ்மின், யாஸ்மின், மல்லிகா.. மூணும் ஒரே பூ தானா? பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை!

"பொண்ணுக்கு ஜாஸ்மின்னு பேரு வைக்கலாமா?" என்று வீட்டில் யாராவது கேட்டால், அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் "அது எந்த மதத்துப் பேரு?" என்பதுதான். ஜாஸ்மின் என்றால் கிறிஸ்தவர், யாஸ்மின் என்றால் இஸ்லாமியர், மல்லிகா என்றால் இந்து என்று நம்மில் பலர் கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். ஆனால், இந்த மூன்று பெயர்களுமே மல்லிகை இனப் பூவைத்தான் குறிக்கின்றன.

யாஸ்மின் எங்கிருந்து வந்தது?

இதன் வேர் பாரசீக மொழியில் இருக்கும் 'யாசமன்' என்ற சொல். இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே அங்கே புழக்கத்தில் இருந்த சொல் இது. பிறகு அரபியில் 'யாசமீன்' ஆனது. துருக்கியில் 'யாசெமின்', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஜாஸ்மின்' என மாறியது. ஆக, யாஸ்மினும் ஜாஸ்மினும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள்தான்.

1992-ல் வெளியான டிஸ்னியின் 'அலாவுதீன்' படத்தில் இளவரசியின் பெயரும் ஜாஸ்மின்தான். இன்னொரு ஆச்சரியம், போஸ்னியாவில் ஜாஸ்மின் என்பது ஆண்களின் பெயர்! அங்கே பெண்களுக்கு 'ஜாஸ்மினா' என்று வைக்கிறார்கள்.

கிழக்கே போன மல்லிகா

மல்லிகா சமஸ்கிருதத்திலும் பாலியிலும் உள்ள பெயர். பௌத்த நூல்களில் கோசல மன்னர் பசேனதியின் அரசி பெயர் மல்லிகா. பூமாலை கட்டுபவரின் மகளாகப் பிறந்து அரசியானவர் என்று அந்த நூல்கள் சொல்கின்றன.

இந்தச் சொல் சீனாவுக்குப் போய் 'மோலி' ஆனது. அதே எழுத்துகளை ஜப்பானில் 'மாரி' என்று படிக்கிறார்கள். 1903-ல் பிறந்த ஜப்பானிய எழுத்தாளர் மோரி மாரியின் பெயர் இப்படி எழுதப்பட்டதுதான். அவருடைய அப்பா, எழுத்தாளர் மோரி ஓகாய், பிள்ளைகளுக்கு ஐரோப்பியப் பெயர் போல ஒலிக்கும் பெயர்களை வைத்தவர். காதுக்கு ஐரோப்பாவின் 'மரி', எழுத்தில் இந்தியாவின் மல்லிகை!

இந்தோனேசியாவில் பெண்களுக்கு வைக்கப்படும் 'மெலாத்தி' என்ற பெயர், 'மாலதி' என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்து வந்தது. அதுவும் மல்லிகைதான்.

குழப்பம் வேண்டாம்

'மலிகா' என்பது வேறு பெயர். அரபியில் அதற்கு 'அரசி' என்று அர்த்தம். 'மல்லிகா'வுடன் அதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தமிழில் என்ன பெயர்?

உலகில் சுமார் 200 வகை மல்லிகைகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் எல்லாமே ஜாஸ்மின். தமிழில் அப்படி இல்லை. மல்லி வேறு, முல்லை வேறு, பிச்சி வேறு. சங்க இலக்கியத்தில் காடும் காடு சார்ந்த நிலமும் முல்லை. பற்றிப் படரக் கொம்பு இல்லாமல் தவித்த முல்லைக் கொடிக்குப் பாரி தன் தேரையே கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். முல்லை, முல்லைக்கொடி என்று பெயர் வைக்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு.

இனி ஜாஸ்மின் என்ற பெயரைக் கேட்டதும் "எந்த மதம்?" என்று யோசிக்க வேண்டியதில்லை. பாரசீகத்தில் பிறந்து பல மதத்தவரும் வைத்துக்கொண்ட பெயர் அது. பெயரை மட்டும் வைத்து ஒருவரின் மதத்தை முடிவு செய்தால், கணக்கு தப்பாகத்தான் போகும்.