வெம்பிளியில் ஒரு பஞ்சாட்சரம்

1971 மார்ச். லண்டன் வெம்பிளி உள்ளரங்கில் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் போட்டி, ஆண்கள் இரட்டையர் இறுதி ஆட்டம். வலைக்கு ஒரு பக்கம் இந்தோனேசியாவின் ரூடி ஹார்டோனோவும் இந்திரா குணவானும். 1968 தொடங்கி ஏழு ஆண்டுகள் ஒற்றையர் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர் ஹார்டோனோ. மறுபக்கம் மலேசியாவின் இங் பூன் பீ. அவருக்குத் துணையாக 27 வயது பஞ்சாட்சரம் குணாளன். 15-5, 15-3 என்று மலேசிய ஜோடி வென்றது.

உலக சாம்பியன்ஷிப் என்று ஒன்று 1977இல்தான் தொடங்கியது. அதுவரை ஆல் இங்கிலாந்துப் பட்டமே உலகப் பட்டம். 1980இல் பிரகாஷ் படுகோன் அதை வென்றதும், 2001இல் கோபிசந்த் வென்றதும் நமக்கு மனப்பாடம். படுகோனுக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே ஒரு தமிழர் அதே போட்டியின் இரட்டையர் கோப்பையைத் தூக்கியது மட்டும் நம் நினைவில் ஏறவில்லை. மலாயாத் தமிழர் வரலாறு என்றால் ரப்பர் தோட்டத்தோடும் கப்பல் பயணத்தோடும் நிறுத்திக்கொள்கிறோம். அந்த வரலாற்றில் விளையாட்டரங்கமும் உண்டு.

பஞ்சாட்சரம் என்ற பெயரை உலகம் ‘பஞ்ச்’ என்று சுருக்கிக்கொண்டது. பஞ்ச் குணாளன் 1944இல் பிறந்தவர். அவரைவிட ஆறு வயது மூத்த பூன் பீ ஏற்கெனவே டான் யீ கானுடன் சேர்ந்து 1965, 1966 இரண்டு ஆண்டும் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர். யீ கான் ஒதுங்கியபின் அந்த இடத்துக்குக் குணாளன் வந்தார். புகழ்பெற்ற ஒரு ஜோடியில் ஒருவர் போன இடத்தில் இன்னொருவர் நிற்பது எளிதல்ல. நாதஸ்வரக் கச்சேரியில் பழகிய தவில்காரர் மாறிவிட்டால் வாசிப்பவருக்கு உண்டாகும் தடுமாற்றம் இதிலும் உண்டு. இரட்டையரில் பந்தை அடிப்பது பாதி வேலைதான். தாக்கும்போது ஒருவர் வலையருகே, மற்றவர் பின்னால்; தற்காக்கும்போது இருவரும் பக்கம் பக்கமாக. அந்த மாற்றம் ஒரு சொல்கூடப் பேசாமல் நொடியில் நடக்க வேண்டும். இந்த ஜோடிக்கு அது சீக்கிரமே கைவந்தது. 1970இல் எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் தங்கம், மறு ஆண்டு வெம்பிளி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் காட்சிப் போட்டியாக மட்டும் நடந்தபோது இறுதிவரை போய், இந்தோனேசியாவின் கிறிஸ்டியன் ஹடினாட்டா, அடே சந்திரா ஜோடியிடம் தோற்றார்கள்.

ஒற்றையரிலும் குணாளன் சளைத்தவரல்ல. 1970 பாங்காக் ஆசியப் போட்டியிலும் 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியிலும் ஒற்றையர் தங்கம் அவருக்கே. அதே 1974இல், முப்பது வயதில், ஆல் இங்கிலாந்து ஒற்றையர் இறுதியில் மறுபடி ஹார்டோனோவைச் சந்தித்தார். முதல் செட்டை 15-8 என்று பறித்தார். அடுத்த இரண்டும் 9-15, 10-15 என்று கைநழுவின. என் கணக்கில், 1971 வெற்றியை விட அவருடைய தரத்தைச் சொல்வது இந்தத் தோல்விதான்.

ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளர், அணி மேலாளர், சங்க நிர்வாகி என்று அவர் வாழ்க்கை மைதானத்தின் ஓரத்திலேயே கழிந்தது. 1967க்குப் பிறகு மலேசியா ஆண்கள் அணிகளுக்கான தாமஸ் கோப்பையைத் தொட்டிருக்கவில்லை. 25 ஆண்டுகள் கழித்து, 1992 மே மாதம் கோலாலம்பூரில் இந்தோனேசியாவை 3-2 என்று வீழ்த்தியபோது, அணியை வழிநடத்தியவர்களில் குணாளனும் ஒருவர். வெற்றியை உறுதிசெய்த மூன்றாவது புள்ளி இரட்டையர் ஆட்டத்தில் கிடைத்தது. அதைப் பெற்றுத் தந்தவர்கள் செயா சூன் கிட்டும் சூ பெங் கியாங்கும். அந்த ஆண்டே பேட்மிண்டன் முதன்முறையாக ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது. பார்சிலோனாவில் மலேசியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்றதும் ஓர் இரட்டையர் ஜோடிதான்: ரசிஃப் சிடெக், ஜலானி சிடெக் சகோதரர்கள்.

ஆனால் குணாளனுடைய பெரிய தடம் வேறிடத்தில் பதிந்திருக்கிறது. பேட்மிண்டனின் பழைய புள்ளி முறையில் சர்வீஸ் போடும் பக்கத்துக்கு மட்டுமே புள்ளி. இரட்டையரில் ஒரு பக்கத்து இருவரும் சர்வீஸை இழந்தால்தான் முறை மாறும். இருபது நிமிடம் வியர்த்தாலும் புள்ளிப்பலகை அசையாமல் நிற்கலாம். தொலைக்காட்சி நிலையங்களுக்கோ ஆட்டம் எவ்வளவு நேரம் ஓடும் என்று தெரிய வேண்டும். 7 புள்ளிகளில் ஐந்து செட் என்று ஒரு முறையைச் சோதித்துப் பார்த்துக் கைவிட்டார்கள். கடைசியில் 2006இல், யார் சர்வீஸ் போட்டாலும் புள்ளி, 21 எடுத்தால் செட், இரட்டையரில் ஒரே சர்வீஸ் என்ற முறை நடப்புக்கு வந்தது. அப்போது உலக பேட்மிண்டன் அமைப்பின் உயர்மட்டத்தில் இருந்து அதை முன்னின்று நிறைவேற்றியவர் குணாளன். பழையவர்கள் பலர் எதிர்த்தார்கள். நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறமைக்கு மதிப்பு குறையும் என்றார்கள். அவர்கள் கவலை நியாயமானதே. ஆயினும் பழைய முறையில் தங்கம் வென்ற ஒருவரே அதை மாற்றத் துணிந்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2005இல் உலக அமைப்பின் தலைமையகம் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்ததும் அவர் செல்வாக்கோடு இருந்த காலத்தில்தான். பின்னர் நிர்வாகத்தில் மோதல்கள் முற்றி 2008இல் பொறுப்பிலிருந்து விலகினார். 2012 ஆகஸ்ட் 15 அன்று மறைந்தார்.

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கடற்காற்றில் ஐந்து கிராம் இறகுப்பந்து சொன்ன பேச்சு கேட்காது. ஆனாலும் அங்கே பிள்ளைகள் தெருவில் கயிறு கட்டி ஆடத்தான் செய்கிறார்கள். புள்ளியும் 21 வரை எண்ணுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: படுகோன், கோபிசந்த், சிந்து என்று சொல்லித்தரும் வரிசையில் பஞ்சாட்சரம் குணாளன் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.