எழுத்து வேறு, தீர்ப்பு வேறு!

பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டியில் என் நண்பர் கணக்கு எழுதுகிறார். ஒருநாள் போனில் ஒரே புலம்பல். ‘வரவு செலவைவிட ஜாஸ்தியான்னு எக்ஸெல்ல கேட்டேன்ப்பா. பதில் சொல்லாம, நான் எழுதினதையே திருப்பிக் காட்டுது!’

போய்ப் பார்த்தேன். ஃபார்முலா சரிதான். ஆனால், அதற்கு முன்னால் தெரியாமல் ஒரு ஒற்றை மேற்கோள் குறி விழுந்திருந்தது. அது இருந்தால் எக்ஸெல்லுக்கு அது கணக்கே இல்லை, வெறும் எழுத்து! குறியை எடுத்தேன். ‘ட்ரூ’ என்று பதில் வந்துவிட்டது.

ஒரு வாக்கியம் எழுத்தாகக் கிடப்பது வேறு. அது உண்மையா, பொய்யா என்று தீர்ப்புச் சொல்வது வேறு. அந்தத் தீர்ப்பைக் கணக்காக மாற்றியவரின் கதையைத் தஞ்சாவூரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

1808. நில அளவைக்காக வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றுகிறார். கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்குகிறது! மனுஷர் அசரவில்லை. வாரக்கணக்கில் உட்கார்ந்து தானே சரிசெய்தார். 1818-ல் அவருக்கு உதவியாளராக வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். ஆமாம், சிகரத்துக்குப் பெயர் கொடுத்தவரேதான்.

எவரெஸ்ட்டின் சகோதரர் மகள் மேரி, 1855-ல் ஜார்ஜ் பூல் என்ற கணிதப் பேராசிரியரை மணந்தார். முந்தைய வருடம்தான் பூலின் புகழ்பெற்ற தர்க்க நூல் வெளியாகியிருந்தது. உண்மை என்றால் 1, பொய் என்றால் 0. ‘மற்றும்’, ‘அல்லது’, ‘இல்லை’ ஆகிய வார்த்தைகளை அவர் அல்ஜீப்ராவாக்கிவிட்டார்! இந்தியச் சிந்தனை, எவரெஸ்ட் வழியாகத் தன் கணவரை எட்டியது என்று 1901-ல் மேரி எழுதினார். கேட்க நமக்குப் பெருமைதான். ஆனால், அது ஒரு மனைவியின் சாட்சியம்; நிரூபணம் அல்ல.

அடுத்த காட்சி அமெரிக்கா. ‘லிஸ்ப்’ மொழியை உருவாக்கிய ஜான் மெக்கார்த்தி, ஒரு கோவையை வாங்கி அதன் மதிப்பைச் சொல்லும் ‘இவால்’ என்ற விதியைக் காகிதத்தில் எழுதினார். அது படிப்பதற்குத்தான், ஓட்டுவதற்கு அல்ல என்பது அவர் எண்ணம். குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் கேட்கவில்லை. ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் அதை ஓடவைத்தே விட்டார்! 1960-ல் மெக்கார்த்தியின் கட்டுரை வெளியானது. இன்று பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் ‘இவால்’ உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. ‘5 என்பது 3-ஐவிடச் சிறியது’ என்பதைக் குறியீட்டில் எழுதி, மேற்கோளுக்குள் வைத்து, உண்மையா என்று பைத்தானைக் கேளுங்கள். ‘உண்மை’ என்கும்! எழுத்து காலியாக இல்லை, அது போதும் அதற்கு. அதையே ‘இவால்’ வழியாகக் கேளுங்கள். உள்ளே போய்ப் படித்து, ‘பொய்’ என்று சரியாகச் சொல்லும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ‘இவால்’ கையில் கொடுத்துவிடலாமா? அங்கேதான் ஆபத்து. யாரோ எழுதிய எழுத்தை அப்படியே நிறைவேற்றுவது, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை நீட்டுவது மாதிரி. ‘ஃபைல்களை அழி’ என்று எழுதியிருந்தால், அதையும் செய்துவிடும்! பழைய பைத்தான் 2-ல், பயனாளி தட்டச்சு செய்ததை ‘இன்புட்’ என்ற கட்டளையே இப்படி மதிப்பிட்டுவிடும். 2008-ல் வந்த பைத்தான் 3-ல் அதை நிறுத்தினார்கள்.

எழுதியிருக்கிறது என்பதற்காக உண்மை என்று நம்புவதும் தப்பு. எழுதியவர் யாரென்று பார்க்காமல் நிறைவேற்றுவதும் தப்பு. நாம் தினமும் படிக்கிற செய்திகளுக்கும் இதே விதிதானே?

மண்டி நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். ‘இதுக்குத்தாங்க பில்லுல நான் இன்னமும் பேனாவால டிக் போடறேன்!’