வேறுபாடு என்பது யார் சொல்வது? நிரலுலகில் ஒப்பீட்டின் வரலாறு

இரண்டு தரவுப்பொருள்கள் ஒன்றா, வேறா? கணினி நிரலாக்கத்தின் மிகப் பழைய வினாக்களுள் இதுவும் ஒன்று. எளிமையாகத் தோன்றும் இவ்வினாவுக்கு ஒரே விடை என்றுமே இருந்ததில்லை.

1960இல் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியை விளக்கி வெளியிட்ட கட்டுரையிலேயே அது இரண்டாகப் பிரிந்துவிட்டது. ‘ஈக்யூ’ என்னும் செயற்கூறு, மேலும் பகுக்கவியலாத இரு குறியீடுகள் ஒன்றா என்று மட்டும் கேட்டது. ‘ஈக்வல்’ என்பதோ பட்டியல்களுக்குள் படிப்படியாக இறங்கி உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டது. பின்வந்த மொழிகளிலும் இந்தப் பிளவு தொடர்ந்தது. ஒரே பெயரும் ஒரே வயதும் கொண்ட இரு ஆப்ஜெக்ட்டுகளைத் தனித்தனியே உருவாக்கி ‘இவை சமமா’ என்று கேட்டால், ஜாவாஸ்கிரிப்ட் இல்லை என்றே சொல்லும். அது பார்ப்பது உள்ளடக்கத்தை அன்று. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளைச் சுட்டுகின்றனவா என்பதையே.

‘வேறு’ என்று அறிவது ஒரு பணி. ‘எங்கே வேறு’ என்று காட்டுவது அதனினும் கடினமான பணி. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதிய ‘டிஃப்’ என்னும் நிரல், 1974இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்புடன் வெளிவந்தது. அதன் அல்காரிதத்தை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976இல் அறிக்கையாக வெளியிட்டனர். இரு கோப்புகளிலும் வரிசை மாறாமல் காணப்படும் வரிகளின் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடிப்பதே அவர்களது வழி. அத்தொடரில் சேராதவை நீக்கப்பட்டவை அல்லது சேர்க்கப்பட்டவை.

இங்கே ஒரு முடிவு மறைந்திருக்கிறது. ஒப்பீட்டின் அலகு எழுத்தன்று, சொல்லன்று, வரி. ஒரே ஒரு காற்புள்ளி மாறினாலும் முழுவரியும் மாறியதாகவே கணக்கு.

1986இல் யூஜின் மையர்ஸ் இதனை விரைவுபடுத்தினார். வேறுபாடுகள் எத்துணைக் குறைவோ அத்துணை விரைவாக முடியும் அவரது அல்காரிதம், இன்றும் ‘கிட்’ மென்பொருளின் இயல்பான ஒப்பீட்டு முறையாக உள்ளது. இதே மையர்ஸ் 1990இல் வெளியான ‘பிளாஸ்ட்’ என்னும் மரபணு வரிசை ஒப்பீட்டுக் கருவியின் ஆசிரியர்களுள் ஒருவர். கோப்பின் வரிகளையும் உயிரின் மூலக்கூறு வரிசைகளையும் ஒப்பிடுவது அடிப்படையில் நெருங்கிய சிக்கல்களே.

ஆனால் தரவுப்பொருள் வரிகளின் தொடரன்று; கிளைவிட்ட மரம். ஒன்றனுள் ஒன்றாகப் பொருள்கள் அமைந்திருக்கும். மர ஒப்பீட்டுக்கு 1979இல் குவோ-சுங் டாய் ஒரு தீர்வும், 1989இல் ஷாங்கும் ஷாஷாவும் விரைவான மற்றொரு தீர்வும் அளித்தனர். ஆயினும் செலவு மிகுதி. உறுப்புகளின் எண்ணிக்கையின் மும்மடிக்கேற்பச் செலவாகும் முறையில், ஆயிரம் உறுப்புகளுக்கு ஏறத்தாழ நூறு கோடி ஒப்பீடுகள் தேவைப்படும்.

2013இல் வெளிவந்த ‘ரியாக்ட்’ இச்சிக்கலைத் தீர்க்கவில்லை, சுற்றிச் சென்றது. உறுப்பின் வகை மாறினால் உள்ளே பார்க்காமலே அக்கிளையை முழுதும் புதிதாகக் கட்டும். பட்டியலின் உறுப்பு எது என அறிய, நிரலாளர் தரும் ‘கீ’ என்னும் அடையாளத்தை நம்பும். அதற்கு வரிசை எண்ணையே கொடுத்துவிட்டு, பட்டியலின் தலையில் ஒன்றைப் புதிதாகச் செருகினால், ஒரு பெட்டியில் பயனர் தட்டச்சிட்ட சொற்கள் வேறொருவரின் வரிசைக்கு எதிரே நிற்கக்கூடும். ‘இது யார்’ என்பதை இயந்திரம் அறியாது. மனிதர் சொன்னதையே அது அறியும்.

இதன் விளைவு திரையோடு நிற்பதில்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’, மாற்றங்களைச் சேமிப்பதில்லை. அந்தந்த நேரத்து முழுநிலையைச் சேமித்து, வேறுபாட்டைக் கேட்கும்போது கணிக்கிறது. ஒரு கோப்பு பெயர் மாறியது என்ற செய்தி எங்கும் பதிவாவதில்லை. நீக்கப்பட்ட கோப்பும் புதிய கோப்பும் இயல்பாக 50 விழுக்காடேனும் ஒத்திருந்தால், பெயர் மாறியதாக அது ஊகிக்கிறது.

ஒருவர் எழுதிய செயற்கூறை இன்னொருவர் வேறு கோப்புக்கு நகர்த்தினால், ஒவ்வொரு வரியையும் இறுதியாகத் தொட்டவர் யார் எனக் காட்டும் ‘பிளேம்’ கட்டளை, இயல்பு நிலையில் நகர்த்தியவரின் பெயரையே சொல்லும். எழுதியவரைக் காண, நகர்வுகளையும் தேடுமாறு தனியே கேட்க வேண்டும். பிழைக்குப் பொறுப்பும் உழைப்புக்கு மதிப்பும் இப்பட்டியலைக் கொண்டே முடிவாகும் இடங்களில் இது சிறிய செய்தியன்று.

‘டிஃப்’ காட்டுவது, பழையதிலிருந்து புதியதை அடையச் சுருக்கமான ஒரு வழியை. எழுதியவர் உண்மையில் சென்ற வழி அதுவாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஐம்பதாண்டுகளாக ஒவ்வொரு கருவியும் எதைச் சமமெனக் கொள்வது என்று முதலில் முடிவு செய்துகொண்டு, அதன்பின்னரே வேறுபாட்டைத் தேடியிருக்கிறது. திரையில் சிவப்பிலும் பச்சையிலும் தெரியும் வரிகளைப் படிப்பவர் அந்த முதல் முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.