சொல்லும் சூதும்: பெங்களூர்க் குறுக்கெழுத்தின் வரலாறு

குருபரப்பள்ளியில் வாழ்பவர்களுக்கு எல்லை என்பது பூகோளப் பாடம் அன்று, அன்றாட நடைமுறை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் நம் ஊர் அமைந்திருப்பதால், அக்கரையில் எது ஆகும், இக்கரையில் எது ஆகாது என்பது சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். 2003-ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. கர்நாடகம் 2007-இல்தான் அதைத் தடை செய்தது. இடைப்பட்ட நான்காண்டுக் காலம், ஓசூரில் குற்றமாக இருந்த ஒரு காகிதத் துண்டு, அத்திப்பள்ளியைத் தாண்டியவுடன் சட்டப்படியான சரக்காக இருந்தது. ஒரே பொருள், ஒரே ஆசை. நடுவே ஒரு சோதனைச் சாவடி!

இந்த எல்லை தாண்டும் கலையைச் சொற்புதிர் ஒன்றும் செய்து காட்டியிருக்கிறது. அது நிகழ்ந்தது லாட்டரித் தடைக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர். பம்பாயிலிருந்து புறப்பட்டுப் பெங்களூருக்குக் குடிபெயர்ந்த அந்தக் குறுக்கெழுத்துப் போட்டியின் வரலாற்றை இன்று எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. பிள்ளைகளின் கைப்பேசியில் எழுத்து விளையாட்டுகளும் பரிசு விளையாட்டுகளும் நிறைந்துவிட்ட இந்நாளில், பெற்றோர் பலர் வந்து கேட்கும் கேள்வி ஒன்றே: “ஹஸ்ரத், இது அறிவுப் போட்டிதானே? சூது ஆகுமா?” இந்தக் கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் 1957-இலேயே விடை கூற நேர்ந்தது. நம் ஃபிக்ஹு நூல்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே விடை கூறியிருக்கின்றன. இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே விலகுகின்றன என்பதைப் பார்ப்போம்.

குறுக்கெழுத்து பிறந்தது 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள். ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் அமெரிக்க நாளேட்டில் ஆர்தர் வின் என்பவர் அதை முதன்முதலில் வெளியிட்டார். பத்தாண்டு கழிந்து, 1924-இல் அது புத்தக வடிவம் பெற்றதும் உலகெங்கும் பரவியது. தமிழில் 1930-களில் எஸ். எஸ். வாசனின் ‘ஆனந்த விகடன்’ குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தி வாசகர்களை ஈர்த்தது. ஆங்கிலத்தில் ஒரு கட்டத்திற்கு ஒரு எழுத்து. அங்கே இருபத்தாறு எழுத்துகளுக்குள் தேட வேண்டும். தமிழிலோ ஒரு கட்டத்தில் ஓர் உயிர்மெய் முழுதாக அமரும். ஆதலால் நம் மொழியில் கட்டம் சிறிது, தேட்டம் பெரிது.

ஆயினும் எழுத்துகளை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்க்கும் அறிவு அமெரிக்காவில் தோன்றியது அன்று. அரபு மொழியின் முதல் அகராதியான ‘கிதாபுல் ஐன்’ நூலைத் தொகுக்கத் தொடங்கிய கலீல் இப்னு அஹ்மத் அவர்கள் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். இருபத்தெட்டு எழுத்துகளைக் கொண்டு ஈரெழுத்து முதல் ஐயெழுத்து வரை எத்தனை சொற்களை அமைக்க இயலும் என்று அவர்கள் கணக்கிட்டதாக நூல்கள் கூறுகின்றன. ஈரெழுத்தில் 756, மூவெழுத்தில் 19,656, நாலெழுத்தில் 4,91,400, ஐயெழுத்தில் 1,17,93,600. கூட்டினால் 1,23,05,412. இத்தனையில் அரபியர் நாவில் வழங்குபவை எவை, வழங்காதவை எவை என்று பிரித்தறிவதே அவர்களுடைய அகராதியின் திட்டம். பஸராவின் ஹரீரி (1054–1122) தம் ‘மகாமாத்’தில் புள்ளியுள்ள எழுத்தே வராத பேருரையும், தலைகீழாகப் படித்தாலும் மாறாத வாக்கியங்களும் அமைத்தார். மதரஸாவில் இவற்றை ஓதும்போது மாணவர் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்காருவதை ஆண்டுதோறும் காண்கிறேன்.

நம் தமிழ் முஸ்லிம் புலவர்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572-இல் அரங்கேறியது. முழுமையாக நம் கைக்குக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் அதுவே காலத்தால் முந்தியது. அந்நூல் வினாவும் விடையுமாகவே நடக்கிறது. ‘மசலா’ என்னும் சொல்லே வினா என்று பொருள்படுவதுதான். ‘நூறு மசலா’வில் இளவரசி ஒருத்தியின் நூறு கேள்விகளுக்கு விடை சொல்பவனுக்கே அவள் கரம் கிட்டும். இன்றைய தொலைக்காட்சி வினாடி வினாவின் நாடகம் அனைத்தும் அதில் உண்டு. விளம்பர இடைவேளை ஒன்றுதான் இல்லை.

இனிப் பெங்களூர்க் கதைக்கு வருவோம்.

ஆர். எம். டி. சமர்பாக்வாலா என்பவர் பம்பாய் மாகாணத்தில் பரிசுப் போட்டிகள் நடத்தி வந்தார். 1948-ஆம் ஆண்டின் இறுதியில் பம்பாய் சட்டசபை லாட்டரிகளையும் பரிசுப் போட்டிகளையும் கட்டுப்படுத்தி வரி விதிக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தில் ஒரு வாயில் திறந்திருந்தது: மாகாணத்திற்கு வெளியே அச்சிட்டு வெளியிடப்படும் பத்திரிகைகளின் போட்டிகளை அது தொடவில்லை. வணிகருக்கு அவ்வளவு போதாதா? 1949 பிப்ரவரியில் மைசூர் சமஸ்தானத்தில் ‘ஆர். எம். டி. சி. (மைசூர்) லிமிடெட்’ என்னும் கம்பெனி பதிவாயிற்று. ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் வார இதழ் பெங்களூரில் அச்சாகத் தொடங்கியது. அதன் வாயிலாக ‘ஆர். எம். டி. சி. கிராஸ்வேர்ட்ஸ்’ என்ற போட்டி நடந்தது. இதழ் பெங்களூரில் அச்சேறினாலும், வாசகர் பெருங்கூட்டம் பம்பாயில்தான் இருந்தது. அங்கே முகவர்களும் சேகரிப்பு நிலையங்களும் அமைத்து, நிரப்பிய படிவங்களையும் நுழைவுக் கட்டணத்தையும் திரட்டிப் பெங்களூர்த் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினர்.

இத்தகைய பரிசுக் குறுக்கெழுத்துகளின் அமைப்பை விளக்கினால்தான் வழக்கின் சாரம் புலப்படும். குறிப்பு ஒன்றுக்கு ஒரே விடை இருப்பது பள்ளிக் குறுக்கெழுத்து. பரிசுக் குறுக்கெழுத்தில் பெரும்பாலும் இரண்டு விடைகள் பொருந்தும்படி குறிப்பு எழுதப்படும். என் சொந்த எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். ‘மனிதனுக்கு மதிப்பைத் தேடித் தருவது’ என்பது குறிப்பு; முதல் கட்டம் காலி; அடுத்த கட்டங்களில் ‘ண’, ‘ம்’. நிரப்ப வேண்டியது ‘கு’வா, ‘ப’வா? குணமா, பணமா? சான்றோர் முதலாவதை எழுதுவர். சந்தைக்குப் போய் வந்தவர் இரண்டாவதை எழுதுவர். இரண்டில் எது ‘சரி’ என்பதை முன்னரே முத்திரையிட்டு வைத்த உறை ஒன்று தீர்மானிக்கும். இவ்வாறு பத்து இடங்களில் இரண்டிரண்டு விடைகள் இருப்பின், அப்படிவத்தை 1,024 விதமாக நிரப்பலாம். அகராதியை மனப்பாடம் செய்தவனுக்கும் அதில் வழிகாட்டி இல்லை. ஆகவே மக்கள் அறிவைக் கூட்டிக்கொள்வதற்குப் பதிலாகப் படிவங்களைக் கூட்டிக்கொண்டனர். ஒருவரே பல படிவங்கள், ஒவ்வொன்றுக்கும் கட்டணம்!

பம்பாய் அரசு சும்மா இருக்கவில்லை. 1952 நவம்பரில் சட்டத்தைத் திருத்தி, வெளி மாநிலப் பத்திரிகைகளின் போட்டிகளையும் வரிக்கு உட்படுத்தியது. கம்பெனியார் வழக்குத் தொடுத்தனர். பத்திரிகை நடத்துவதும் போட்டி நடத்துவதும் வாணிபம். அரசியல் சட்டம் வாணிப உரிமையைக் காக்கிறது. மாநிலங்களுக்கிடையே வாணிபம் தடையின்றி நடைபெற வேண்டும் என்றும் அது கூறுகிறது. இது அவர்களின் வாதம். உயர் நீதிமன்றத்தில் அவர்களே வென்றார்கள். அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது.

இதற்கிடையில் நாடாளுமன்றமும் களத்தில் இறங்கியது. சென்னை, பம்பாய், ஆந்திரம், ஐதராபாத் உள்ளிட்ட மாநிலங்களின் சட்டசபைகள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன் பேரில், 1955-ஆம் ஆண்டுப் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1956 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எழுத்துகளையும் சொற்களையும் எண்களையும் கூட்டியும் அடுக்கியும் மாற்றியும் அமைக்கும் எப்புதிருக்குப் பரிசளித்தாலும் அது ‘பரிசுப் போட்டி’ என்று அச்சட்டம் வரையறுத்தது. கலீல் இப்னு அஹ்மத் அவர்களின் கணக்கையே சட்டப் பிரிவாக எழுதியது போலல்லவா இருக்கிறது! ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு போட்டிக்கு வரும் படிவங்கள் 2,000-க்கு மேற்படக் கூடாது. அதற்குள் நடத்தவும் உரிமம் வேண்டும். இந்த எண்களே தொழிலின் உயிரை வாங்கப் போதுமானவை.

1957 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இரு வழக்குகளிலும் தீர்ப்பளித்தது. பம்பாய் வழக்கின் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ். போட்டியின் விதிகளை ஆராய்ந்து, விடையைத் தேர்வு செய்யும் குழு ஒவ்வோரிடத்திலும் மிகப் பொருத்தமான சொல்லையே எடுத்துக்கொள்ளக் கட்டுப்பட்டதன்று என்பதை அவர் சுட்டிக் காட்டினார். மிகப் பொருத்தமான சொல்லைக் கண்டுபிடித்தவனே தோற்கக்கூடுமானால், அங்கே அறிவுக்கு என்ன வேலை? ரிக் வேதம், மகாபாரதம், பழைய நீதி நூல்கள் ஆகியவை சூதைப் பழித்திருப்பதை எடுத்துக்காட்டி, சூது ஒருநாளும் வாணிபம் ஆகாது. வாணிப உரிமை அதைக் காவாது என்று அவர் முடித்தார்.

மற்றொரு வழக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றியது. அத்தீர்ப்பை எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகளில் துறைபோனவர். 1944-இல் சங்கீத கலாநிதி விருது பெற்ற இசையறிஞர். சட்டத்தின் சொற்கள் அறிவுப் போட்டியையும் சேர்த்துப் பிடிக்கும்படி விரிந்திருந்த போதிலும், அதன் நோக்கம் சூதை ஒடுக்குவதே. ஆகவே பெரும்பகுதி திறமையால் வெல்லப்படும் போட்டிகளுக்கு அது பொருந்தாது என்று அவர் இரண்டையும் பிரித்து வைத்தார். கம்பெனியார் எந்த வழக்கிலும் தப்பவில்லை. பெங்களூரில் எட்டாண்டுக் காலம் கொழித்த குறுக்கெழுத்து அத்துடன் சட்டப் பாதுகாப்பை இழந்தது. ஆனால் திறமையா, அதிர்ஷ்டமா என்ற அந்த அளவுகோல் நீதிமன்றங்களில் நிலைத்துவிட்டது.

நம் மார்க்க அறிஞர்கள் அளந்த விதமோ வேறு. ‘மைசிர்’ என்று திருக்குர்ஆன் 2:219-இலும் 5:90-இலும் கண்டிக்கும் சூது, அறியாமைக் கால அரபியரிடையே பத்து அம்புகளைக் கொண்டு நடந்தது. ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். அறுத்த ஒட்டகத்தின் இறைச்சி அம்பு வந்தபடி பங்காகும். வெற்று அம்பு வந்தவர் விலையைச் சுமப்பார். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவது பெருமையாகக் கருதப்பட்டது. தர்மத்துக்குப் பயன்பட்டும் அது விலக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பந்தயப் பொருள் ஒட்டகம், குதிரை, அம்பு ஆகிய மூன்றிலன்றி இல்லை என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதற்கு விளக்கம் எழுதிய ஃபுகஹாக்கள் கேட்ட முதல் கேள்வி திறமையைப் பற்றியது மட்டும் அன்று; பணம் யாருடையது என்பதைப் பற்றியது. ஆட்சியாளரோ, போட்டியில் சேராத மூன்றாமவரோ பரிசளித்தால் தடையில்லை. இருவரில் ஒருவர் மட்டும் வைத்தாலும் ஆகும். பங்கேற்பவர் அனைவரும் பணம் வைத்து, வென்றவர் அதனை அள்ளிச் சென்றால், அது மைசிரின் வாயிலில் நிற்கிறது. ரோமர் மீண்டும் வெல்வர் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் மக்காவில் பந்தயம் வைத்த நிகழ்ச்சியைக் கொண்டு, கல்வி விவாதத்தில் பரிசு வைப்பதை ஹனஃபி அறிஞர்கள் அனுமதித்தனர். இப்னுல் கய்யிம் (மறைவு 1350) ‘அல்-ஃபுரூஸிய்யா’ நூலில் இதை விரிவாக ஆராய்கிறார். அந்தப் பந்தயம் சூது விலக்கப்படுவதற்கு முந்தியது என்று கூறி மறுத்தவர்களும் உண்டு. எனக்கு ஹனஃபிகளின் கூற்றே வலுவாகத் தோன்றுகிறது; கல்விக்குப் பரிசளிப்பதை மூடிவிட்டால் மதரஸாக்களின் ஆண்டு விழாவையே மூட வேண்டியிருக்கும்.

இந்த இரண்டாம் அளவுகோலைக் கொண்டு தொலைக்காட்சிப் போட்டிகளை நோக்கினால் சில செய்திகள் தெளிவாகும். 1987-88-இல் அமெரிக்காவில் ஓராண்டுக்கும் குறைவாகவே ஓடிய ‘லிங்கோ’ என்ற நிகழ்ச்சியில், மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிப்பது அறிவின் பகுதி. கண்டுபிடித்த பின் எண் பந்துகளை எடுத்து அட்டையை நிரப்புவது அதிர்ஷ்டத்தின் பகுதி. 1982 நவம்பர் 2-ஆம் நாள் பிரிட்டனில் ‘சேனல் 4’ தொடங்கியபோது அதன் முதல் நிகழ்ச்சியாக வந்த ‘கவுண்டவுன்’ ஒன்பது எழுத்துகளில் நீளமான சொல்லை அமைக்கச் சொல்லும். அதன் தொடர் வெற்றியாளருக்கு ஆக்ஸ்ஃபோர்டு அகராதித் தொகுதிகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். சொல்லில் வென்றவனுக்குச் சொற்களே பரிசு! இரண்டிலும் கட்டணம் செலுத்தி ஆடுவோர் இல்லை.

நம் நாட்டில் 2007-இல் ‘கவுன் பனேகா குரோர்பதி’ நிகழ்ச்சியின்போது, வீட்டிலிருப்போர் குறுஞ்செய்தி அனுப்பி விடை சொல்லும் போட்டி ஒன்று நடந்தது. ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. அந்தக் காசிலிருந்தே பரிசு வழங்கப்பட்டது என்று கருதிய தேசிய நுகர்வோர் ஆணையம், 2008-இல் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீதும் தொலைபேசி நிறுவனத்தின் மீதும் ஒரு கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அதற்குப் போதிய சான்று இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் அவ்வுத்தரவை நீக்கியது. தீர்ப்பு எவ்வாறாயினும், ஆணையம் கேட்ட கேள்வி நம் ஃபுகஹாக்கள் கேட்ட அதே கேள்வி: பரிசு யார் பணம்?

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழி விளையாட்டுச் சட்டத்தை இயற்றியது. வெல்லும் ஆசையில் பணம் செலுத்தி ஆடும் இணைய விளையாட்டு, திறமையால் அமைந்ததாயினும் அதிர்ஷ்டத்தால் அமைந்ததாயினும், தடைக்கு உட்படும் என்று அச்சட்டம் கூறுகிறது. 1957-இன் அளவுகோல் அந்த இடத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டு, பணம் வைத்தாயா இல்லையா என்ற வினா முன்னுக்கு வந்திருக்கிறது. ஆகவே கைப்பேசியை நீட்டிக் கேட்கும் பெற்றோரிடம் இப்போது திருப்பி ஒன்றையே கேட்கிறேன்: “உள்ளே போகக் காசு கேட்கிறதா?” கேட்கவில்லை என்றால், எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பிள்ளை விளையாடட்டும், கலீல் இப்னு அஹ்மத் கணக்கிட்ட சொற்களில் பெரும்பாலானவை இன்னும் காலியாகத்தான் கிடக்கின்றன.