மருத்துவப் பதிவேட்டில் உங்கள் முகவரி: சரியாக இருக்க வேண்டியதன் அவசியம்

மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பதிவு செய்துகொள்ளும்போது உங்கள் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்கப்படுகின்றன. நீங்கள் வீடு திரும்பிய பின்னர் பரிசோதனை முடிவோ, மருந்தோ, சுகாதாரப் பணியாளரோ உங்களை வந்தடைவதற்கு இப்பதிவே வழியாகும். ஆகவே, நீங்கள் தற்போது உண்மையில் வசிக்கும் இடத்தையே தெரிவிக்க வேண்டும்.

தவறான முகவரியால் நேரும் தீங்கு

திருப்பூரில் வாடகை வீட்டில் தங்கிப் பின்னலாடை நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் காசநோய் இருப்பது கண்டறியப்படுகிறது. ஆதார் அட்டையில் உள்ள சொந்த ஊர் முகவரியையே அவர் தந்திருக்கிறார். சளி மாதிரியின் கிருமி வளர்ப்புச் சோதனை முடிவு வர ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் அவரது கைபேசி எண்ணும் மாறிவிடுகிறது. வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்று அம்முடிவு காட்டினால், மருந்தை உடனடியாக மாற்ற வேண்டும். அவரைக் கண்டறிய இயலாத ஒவ்வொரு நாளும் பயனற்ற மருந்தையே அவர் உட்கொள்கிறார். உடன் வசிப்போருக்கும் நோய் பரவக்கூடும். அவ்வீட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தை இருப்பின், அதற்குரிய பரிசோதனையும் தடுப்பு மருந்தும் தாமதமாகின்றன.

மேலும், பழைய முகவரிக்குச் செல்லும் கடிதத்தைப் பிறர் பிரித்துப் படிக்க நேரிடலாம். உங்கள் நோய் பற்றிய செய்தி உங்கள் விருப்பமின்றி வெளியாகிவிடும்.

யார் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்?

• கர்ப்பிணிகள்: பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்வதாயின், புறப்படும் முன்பே கிராம சுகாதார செவிலியரிடம் அம்முகவரியையும் அளிக்கவும். தாய்வீட்டுப் பகுதிச் செவிலியரிடம் உங்கள் பிக்மி எண்ணைக் காட்டவும்.
• 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு மருந்துகளை வீட்டிலேயே பெறுவோர்.
• காசநோய் சிகிச்சை பெறுவோர்: வேறு ஊருக்குச் சென்றால், நிக்ஷய் பதிவின் வாயிலாகச் சிகிச்சையைப் புதிய இடத்திற்கு மாற்றிக்கொள்ளலாம்.
• பிள்ளைகளின் வீடுகளில் மாறி மாறித் தங்கும் முதியோர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வீடு மாறினால் அடுத்த வருகை வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்கவும். ஆதார் முகவரி மாறும் வரையும் காத்திருக்க வேண்டியதில்லை.
2. பழைய, புதிய கதவு எண்கள், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி போன்ற அடையாளம், அஞ்சல் குறியீட்டு எண் ஆகியவற்றை முழுமையாகக் கூறவும்.
3. நீங்கள் நம்பும் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் அளிக்கவும்.
4. பதிவு செய்ததை வாசித்துக் காட்டுமாறு ஊழியரிடம் கேளுங்கள். ஒரே பெயரில் பலர் இருக்கக்கூடும் என்பதால், வயதையும் தந்தை அல்லது கணவர் பெயரையும் சரிபார்க்கவும்.
5. ஆய்வகத்தில் தனிப் பதிவேடு இருப்பின், அங்கும் திருத்தச் சொல்லவும்.
6. வீட்டிற்குக் கடிதமோ ஆளோ வருவதை விரும்பாவிடில், அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்து, உங்களைத் தொடர்புகொள்ளும் வேறு வழியைக் கூறவும்.

பராமரிப்பாளர்கள், நோயாளியின் முகவரி மாறும்போது தமது தொலைபேசி எண்ணும் பதிவில் சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், காசநோய் தொடர்பான உதவிக்கு 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணையும் அழைக்கலாம்.